வென்ஃப்ளான் போடுவதும் பார்த்துக்கொள்வதும்: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வென்ஃப்ளானின், அதாவது சிரைக்குள் போடும் ஐ.வி. ஊசிக்குழாயின், மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஊசியின் முனை, மேலே போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் குழாயைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். ஊசி சிரைக்குள் போய், ரத்தமும் எட்டிப் பார்த்துவிடும். குழாய் மட்டும் இன்னும் சிரைக்கு வெளியே நிற்கும். புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸ்களும் ஹவுஸ் சர்ஜன்களும் போடும் லைன்கள் பெரும்பாலும் இந்த ஓரிரு மில்லிமீட்டரில்தான் கெடுகின்றன. நன்றாகப் போட்ட லைன் கெடுவது, அதன்பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்காததால்.

இங்கே சொல்வது கையிலும் முன்கையிலும் போடும் சாதாரண ஐ.வி. லைனைப் பற்றி. சென்ட்ரல் லைன் (உடலின் உள்ளே இருக்கும் பெரிய சிரையில் போடுவது) வேறு வேலை, வேறு பயிற்சி. படித்துவிட்டு நேராக நோயாளியிடம் போகாதீர்கள். மாதிரிக் கையில் பழகுங்கள். முதல் சில லைன்களை மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது போடுங்கள். உங்கள் மருத்துவமனையின் எழுத்து விதிமுறை ஏதாவது ஓர் இடத்தில் மாறினால் அதையே பின்பற்றுங்கள்.

சொல் குழப்பம் ஒன்று உண்டு. "எனக்கு நரம்பே கிடைக்காதுங்க" என்று நோயாளி சொன்னால் அவர் சொல்வது வெயினை, அதாவது சிரையை. "நரம்புல சுரீர்னுது" என்று பாதியில் கத்தினால் அது உண்மையான நரம்பாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வார்கள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் நீங்கள் பிரித்தறிய வேண்டும்.

முதலில், லைன் தேவையா?

வாயால் சாப்பிடக்கூடியவருக்கு, மாத்திரையாகவே கொடுக்கக்கூடிய மருந்துக்கு லைன் வேண்டாம். "உடம்புக்குத் தெம்பில்ல, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று உறவினர் கேட்பார்கள். 5% டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்கும் குறைவு. இரண்டு இட்லி அதைவிடத் தெம்பு தரும். அதைக் கோபப்படாமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். தேவையில்லாத ஒவ்வொரு லைனும் கிருமி உள்ளே போக ஒரு வாசல்.

நிறமும் எண்ணும்

கேஜ் எண் குறையக் குறையக் குழாய் பருமனாகும். நிறங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான்: 14 ஆரஞ்சு, 16 சாம்பல், 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள், 26 ஊதா. நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ஓடும் என்பது பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். பச்சையில் சுமார் 90, இளஞ்சிவப்பில் சுமார் 60, நீலத்தில் 36 ஒட்டி வரும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

எண்ணில் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் ஓட்டத்தில் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? குழாயின் ஆரம் இரட்டிப்பானால் ஓட்டம் பதினாறு மடங்கு ஆகும். நீளம் இரட்டிப்பானால் ஓட்டம் பாதியாகும். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் கொட்டும் தாய்க்கும், விபத்தில் அடிபட்டு பி.பி. இறங்கியவருக்கும் குட்டையும் பருமனுமான இரண்டு லைன், 16 அல்லது 18, கேட்பது இதனால்தான். நீல வென்ஃப்ளானைப் போட்டுவிட்டு ரத்தப் பையை எவ்வளவு அழுத்திப் பிழிந்தாலும் ஓடாது.

ஆனால் சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்குப் பச்சை வேண்டாம். சிரையை அடைத்துக்கொண்டு நிற்கும் பருமனான குழாயைச் சுற்றி ரத்தம் ஓட வழியில்லாமல், மருந்து நீர்த்துப் போகாமல் சிரைச்சுவரிலேயே உரசும். ஓரிரு நாளில் சிவந்துவிடும். செய்யவேண்டிய வேலைக்குப் போதுமான அளவில் மிகச் சிறியதை எடுங்கள். பெரியவர்களுக்கு வார்டில் 20 அல்லது 22, மெல்லிய சிரை உள்ள முதியவருக்கு 22, குழந்தைக்கு 24. ரத்தம் ஏற்ற 18 அல்லது 20. சி.டி. ஆஞ்சியோ எடுக்க அனுப்புகிறீர்கள் என்றால் 18 அல்லது 20-ஐ முழங்கை மடிப்பில் கேட்பார்கள். அனுப்புமுன் கேட்டுவிட்டால் நோயாளிக்கு இன்னொரு குத்து மிச்சம்.

எந்தக் கை, எந்த இடம்

முதலில் எந்தக் கையைத் தொடக்கூடாது என்று கேளுங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த வழி) வைத்த கை, மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை, பக்கவாதத்தில் செயலிழந்த கை, தீப்புண்ணோ தோல் தொற்றோ உள்ள இடம் இவை வேண்டாம். சிறுநீரக நோயாளிக்கு இன்னும் ஃபிஸ்டுலா வைக்கவில்லை என்றால்கூட முன்கைச் சிரைகளைக் காப்பாற்றி வைத்து, புறங்கையில் போடுங்கள். அவருடைய பின்னாளைய டயாலிசிஸ் அந்தச் சிரைகளில்தான் நடக்கும்.

மற்றவர்களுக்கு முன்கைதான் நல்ல இடம். அங்கே இரண்டு எலும்புகளே ஸ்ப்ளிண்ட் போலத் தாங்கும், கையை மடக்கினாலும் குழாய் நெளியாது, நோயாளி தானே சாப்பிடலாம். புறங்கை அடுத்தது. முழங்கை மடிப்பில் சிரை பளிச்சென்று தெரிவதால் புதியவர்களின் கை தானாக அங்கே போகும்; அவசரத்துக்கு அது சரி. வார்டு நோயாளிக்கு அங்கே போட்டால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் ட்ரிப்ஸ் நின்றுபோய் இரவெல்லாம் உங்களைக் கூப்பிடுவார்கள். அதோடு, மடிப்பின் உள்பக்கத்தில் பிரேக்கியல் தமனியும் பெரிய நரம்பும் பக்கத்திலேயே ஓடுகின்றன.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் போடாதீர்கள். நரம்புகள் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் பருமனான சிரை ஆசை காட்டும். ரேடியல் நரம்பின் கிளை அதன் மேலேயே ஓடுகிறது, ஆகவே மணிக்கட்டிலிருந்து ஒரு கையகலம் மேலே போய்க் குத்துங்கள். பெரியவர்களுக்குக் காலில் போடுவது ரத்தக்கட்டுக்கு வழி. வேறு வழியில்லாமல் போட்டால் சீக்கிரம் மாற்றுங்கள். ஏற்கெனவே குத்திய இடத்துக்குக் கீழே மறுபடி குத்தினால் மருந்து பழைய ஓட்டை வழியாகக் கசியும். அதனால் கீழிருந்து தொடங்கி மேலே போகவேண்டும்.

சிரையைக் கண்ணால் தேடாமல் விரலால் தேடுங்கள். கறுத்த தோலில், தடித்த கையில் நீலக்கோடு தெரியாது. ஆனால் தடவினால் நல்ல சிரை அழுத்தினால் மீண்டு எழும்பும். துடித்தால் தமனி. கெட்டியாக இருந்து விரலை அசைக்கும்போது கூடவே நகர்ந்தால் அது தசைநார். கயிறு போல விறைத்து, மீளாமல் இருந்தால் ஏற்கெனவே அடைபட்ட சிரை.

ட்ரேயில் என்ன இருக்கவேண்டும்

வென்ஃப்ளான் இரண்டு (ஒன்று கூடுதல்), டூர்னிக்கெட் (கையை இறுக்கிக் கட்டும் பட்டை), ஸ்கின் பிரெப் (தோல் துடைக்கும் மருந்து) நனைத்த ஸ்வாப், சுத்தமான கையுறை, 10 மி.லி. சிரிஞ்சில் நார்மல் சலைன், ஏற்கெனவே காற்று நீக்கி நிரப்பிய எக்ஸ்டென்ஷன் (வென்ஃப்ளானோடு மாட்டும் நீட்டிப்புக் குழாய்) அல்லது த்ரீ வே (மூன்று வழித் திருகு), ஒளிபுகும் டிரெஸ்ஸிங், டேப், உலர்ந்த பஞ்சு. கூடவே, கை எட்டும் தூரத்தில் வெள்ளை நிற ஊசிப் பெட்டி. பெட்டி நான்கு படுக்கை தள்ளி இருந்தால் உருவிய ஊசி முதலில் மெத்தை மேல் விழும், பிறகு யாரோ ஒருவர் கையில் ஏறும்.

இரண்டு பழக்கங்கள் எல்லா வார்டிலும் உண்டு, இரண்டும் தவறு. டேப்பை முன்கூட்டியே கிழித்துக் கட்டில் கம்பியிலோ மேசை விளிம்பிலோ வரிசையாக ஒட்டிவைப்பது ஒன்று. அந்தக் கம்பியைத் தொட்ட எல்லாக் கைகளின் கிருமியும் டேப் வழியாக ஊசி போட்ட இடத்துக்கு வரும். பாட்டில் நிறைய ஸ்பிரிட்டில் ஊறும் பஞ்சு இன்னொன்று. திறந்து மூடி, கைவிட்டு எடுத்து, அதுவே கிருமி வளரும் இடமாகிறது. ஈரப்பஞ்சைப் பொதுப் பாத்திரத்தில் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. தனித்தனி ஸ்வாப் இல்லையென்றால் புதுப் பஞ்சை எடுத்து அப்போதே நனையுங்கள்.

போடும் வரிசை

நோயாளியின் பெயரைக் கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள். டேப், மருந்து, ரப்பர் அலர்ஜி கேளுங்கள். வளையல், வாட்ச், மணிக்கட்டுக் கயிறு இவற்றை நகர்த்தச் சொல்லுங்கள். கை பின்னால் வீங்கினால் வளையல் இறுகிக்கொள்ளும். கை நெஞ்சுக்குக் கீழே தொங்குமாறு தலையணையில் வைத்து, "அம்மா, நாலு தடவை கையை மடக்கி மடக்கி விரிங்க" என்றால் போதும். சிரை எழும்பவில்லையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் சுற்றி வையுங்கள். பளார் பளாரென்று அறைவது வேண்டாம். வலியில் சிரை சுருங்கும்.

டூர்னிக்கெட்டைக் குத்தும் இடத்துக்கு நான்கு விரல் மேலே கட்டுங்கள். கட்டிய பிறகும் மணிக்கட்டில் நாடி தட்டுப்பட வேண்டும். தமனியையும் சேர்த்து இறுக்கினால் கைக்குள் ரத்தம் வராது, சிரை எப்படிப் புடைக்கும்? டூர்னிக்கெட் இல்லாமல் கையுறையைக் கட்டும் பழக்கம் எங்கும் இருக்கிறது. கட்டலாம்தான், ஆனால் அது தோலைச் சுருட்டிப் பிடிக்கும், அவிழ்க்கத் தாமதமாகும். சுருக்கு முடிச்சாகப் போட்டு ஒரு முனையைக் கையில் எடுக்கும்படி விடுங்கள். சிரையைத் தேர்ந்ததும் ஒருமுறை தளர்த்துங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கிவைப்பது நல்லதல்ல.

கைகளை ஆல்கஹால் ரப்பால் 20 முதல் 30 விநாடி தேயுங்கள். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் சோப்பும் தண்ணீரும், 40 முதல் 60 விநாடி. பிறகு கையுறை. தோலைத் துடைக்க 70% ஆல்கஹாலில் 2% குளோர்ஹெக்சிடின் சிறந்தது. 30 விநாடி முன்னும் பின்னுமாக அழுத்தித் தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் குளோர்ஹெக்சிடின் எச்சரிக்கையோடுதான். போவிடோன் அயோடின் என்றால் காய இரண்டு நிமிடம் ஆகும். ஊதுவது, விசிறுவது, பஞ்சால் ஒற்றுவது எதுவும் கூடாது. ஆல்கஹால் காயும்போதுதான் கிருமியைக் கொல்கிறது. ஈரத்தில் குத்தினால் எரியும், டிரெஸ்ஸிங்கும் ஒட்டாது. துடைத்த பிறகு "எங்கே இருந்தது?" என்று விரல் வைத்துத் தடவினால் துடைத்தது வீண். மறுபடி தடவியே ஆகவேண்டுமென்றால் மறுபடி துடையுங்கள்.

டூர்னிக்கெட்டைத் திரும்ப இறுக்குங்கள். இடக்கைக் கட்டைவிரலால் குத்தும் இடத்துக்குக் கீழே தோலை இழுத்துப் பிடியுங்கள். முதியவர்களின் சிரை உருளும். தோல் இறுகியிருந்தால்தான் நிற்கும். ஊசியின் சரிவு முகம் மேலே பார்க்க, "சுருக்குன்னு இருக்கும் அய்யா, கையை அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, 10 முதல் 30 டிகிரிக் கோணத்தில் நுழையுங்கள். மேலோட்டமான சிரைக்குக் கோணம் சிறியது, ஆழமானதற்குக் கொஞ்சம் பெரியது. அவசரப்பட்டுக் குத்தித் தள்ளாமல் நிதானமாக, ஒரே சீராக.

வென்ஃப்ளானின் பின்பக்கச் சிற்றறையில் ரத்தம் வந்ததும் நில்லுங்கள். இதுதான் முதலில் சொன்ன இடம். ஊசி மட்டும் உள்ளே இருக்கிறது. கோணத்தைத் தோலோடு ஒட்டுமாறு தாழ்த்தி, ஊசியும் குழாயும் சேர்ந்தே இன்னும் இரண்டு மில்லிமீட்டர் முன்னே தள்ளுங்கள். தாழ்த்தாமல் தள்ளினால் எதிர்ச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே போகும். தாழ்த்தி, தள்ளாமல் விட்டால் குழாய் சுவரில் முட்டி மடங்கும். பிறகு ஊசியைச் சற்றே பின்னிழுங்கள். குழாய்க்கும் ஊசிக்கும் நடுவே ரத்தம் இரண்டாவது முறை ஓடிவருவது பிளாஸ்டிக் வழியே தெரியும். குழாயும் உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம் இந்த இரண்டாம் ரத்தம்தான். இனி ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயை மட்டும் மெதுவாக முழுவதும் உள்ளே நழுவவிடுங்கள். தடை வந்தால் பலவந்தம் வேண்டாம்.

டூர்னிக்கெட்டை அவிழ்த்த பிறகே ஊசியை எடுக்கவேண்டும். குழாய் முனை இருக்கும் இடத்துக்கு மேலே சிரையை ஒரு விரலால் அழுத்தி, ஊசியை உருவி, நேராக ஊசிப் பெட்டியில் போட்டு, எக்ஸ்டென்ஷனை மாட்டுங்கள். இந்த வரிசை மாறினால் படுக்கை முழுக்க ரத்தம். ரத்தப் பரிசோதனை வேண்டுமென்றால் ஃப்ளஷ் செய்யுமுன் (சலைன் செலுத்திக் குழாயைக் கழுவுமுன்), இப்போதே எடுங்கள். குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் கையிலிருந்து பின்னால் எடுத்தால் சர்க்கரை பொய்யாக ஏறிக் காட்டும்.

5 மி.லி. சலைனைச் செலுத்திப் பாருங்கள். சுலபமாகப் போகவேண்டும், வலி கூடாது, முனைக்கு மேலே தோல் புடைக்கக்கூடாது. ஒன்று தவறினாலும் லைன் சிரையில் இல்லை.

ஒரே ஒரு தடை எந்நாளும் மீறக்கூடாதது: குழாயை முன்னே தள்ளிய பிறகு, அல்லது ஊசியைப் பாதி உருவிய பிறகு, ஊசியை மறுபடி உள்ளே நுழைக்காதீர்கள். ஊசியின் கூர்முனை குழாயைச் சீவிவிடும். துண்டு ரத்தத்தோடு இதயத்துக்குப் போகும். போகவில்லையா, மொத்தமாக எடுத்துவிடுங்கள், புதியதைத் திறங்கள். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலக்கூடாது. மூன்றாவது குத்து உங்கள் கைக்கு ஆகாது. கூச்சப்படாமல் மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

கிடைக்காமல் போனால், ஏன்?

ரத்தம் வந்து நின்றுவிட்டது, குழாய் போகவில்லை, பக்கத்தில் நீலமாக வீங்குகிறது என்றால் எதிர்ச்சுவர் ஓட்டையாகிவிட்டது. டூர்னிக்கெட்டை முதலில் அவிழ்த்து, எடுத்து, அழுத்துங்கள். டூர்னிக்கெட் இருக்கும்போது எடுத்தால் வீக்கம் இரட்டிப்பாகும். வெங்காயத்தோல் போல மெல்லிய தோலுள்ள முதியவருக்கு டூர்னிக்கெட்டே இல்லாமலோ, சட்டைக் கையின் மேல் லேசாகக் கட்டியோ போட்டுப் பாருங்கள். இறுக்கத்தில் சிரை வெடிக்காது.

குழாய் பாதி போய் நிற்கிறது என்றால் சிரைக்குள் இருக்கும் வால்வில் முட்டியிருக்கலாம். சலைனைச் செலுத்திக்கொண்டே மெதுவாகத் தள்ளினால் சில நேரம் வால்வு வழிவிடும்.

பளீர் சிவப்பில் துடித்துத் துடித்து ரத்தம் வந்தாலும், சலைன் பாட்டிலை மாட்டியதும் ரத்தம் டியூபில் ஏறி வந்தாலும் தமனியில் போட்டுவிட்டீர்கள். ஒரு மருந்தும் செலுத்தக்கூடாது. விரல்களே கருகிப்போகும் அளவுக்கு ஆபத்து. எடுத்து 5 முதல் 10 நிமிடம் விடாமல் அழுத்தி, டாக்டரிடம் சொல்லுங்கள். கரண்ட் அடித்தது போல விரல் வரை சுரீரென்றால் அது உண்மையான நரம்பு. அப்போதே வெளியே எடுத்து, வேறு இடம் பாருங்கள், கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

உங்கள் கையில் குத்திவிட்டால்: ஓடும் தண்ணீரில் சோப்பால் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றாதீர்கள். உடனே அறிக்கை கொடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிடவேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு முடிக்காதவர் வார்டு வேலைக்கு வருமுன் அதை முடிப்பதே முறை.

ஒட்டுவது

குழாய் தோலுக்குள் நுழையும் இடம் கண்ணுக்குத் தெரியவேண்டும். ஒளிபுகும் டிரெஸ்ஸிங் இதற்குத்தான். வெள்ளை டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றி மூடிவிட்டால் சிவப்பையும் சீழையும் யார் பார்ப்பது? கையைச் சுற்றி முழு வட்டமாக டேப் போடுவது இன்னும் மோசம். வீங்கும்போது அதுவே டூர்னிக்கெட் ஆகும். எக்ஸ்டென்ஷனை ஒரு வளையமாக மடித்துத் தனியாக ஒட்டுங்கள். நோயாளி புரளும்போது இழுப்பு அந்த வளையத்தோடு நிற்கும். டிரெஸ்ஸிங்கின் ஓரத்தில், நுழையும் இடத்தை மறைக்காமல், தேதி, நேரம், கேஜ் எழுதுங்கள். எத்தனை முறை முயன்றீர்கள் என்பதும் கேஸ் ஷீட்டில் இருக்கட்டும்.

டிரெஸ்ஸிங் நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ, ரத்தம் தேங்கினாலோ அன்றே மாற்றுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், ஏ.சி. இல்லாத வார்டில், வேர்வையில் இது அடிக்கடி நடக்கும். காஸ் துணி வைத்திருந்தால் இரண்டு நாளில் மாற்றவேண்டும். குழந்தைக்குக் கையளவு ஸ்ப்ளிண்டில் கட்டி, விரல் நுனிகளை வெளியே விடுங்கள். நிறம் மாறினால் தெரியவேண்டும்.

மருந்து கொடுக்கும்போது

வென்ஃப்ளானின் மேலுள்ள வண்ண மூடி வசதியானது, ஆபத்தானதும்கூட. அதன் உட்புறத்தைத் துடைத்துச் சுத்தமாக்க முடியாது. திறந்த மூடி படுக்கை மேல் கிடந்து, திரும்ப அதே மூடி ஏறும். ஊசியில்லாத கனெக்டரோ த்ரீ வேயோ இருந்தால் அதன் வழியாகவே கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதன் திறப்பை ஆல்கஹால் ஸ்வாபால் 15 விநாடி, ஆரஞ்சுப் பழம் பிழிவது போல முறுக்கித் தேய்த்து, காயவிட்டு.

முறை எளிது: சலைன், மருந்து, சலைன். 10 மி.லி. சிரிஞ்சையே பயன்படுத்துங்கள், சின்ன சிரிஞ்சு அதிக அழுத்தம் கொடுத்துக் குழாயையோ சிரையையோ சேதப்படுத்தும். ஒரே தள்ளாகத் தள்ளாமல், கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தள்ளினால் குழாய்ச் சுவரில் ஒட்டியது கழன்று போகும். கடைசி அரை மி.லி. போய்க்கொண்டிருக்கும்போதே கிளாம்ப் போட்டால் ரத்தம் பின்னேறி உறையாது. கைச் சிரை லைனுக்கு ஹெப்பாரின் தேவையில்லை, சலைன் போதும். தள்ள முடியாத லைனை வலுவாகத் தள்ளினால் உறைந்த ரத்தம் உள்ளே போகும், எடுத்துவிடுங்கள்.

வார்டுக்கு ஒன்றாக ஒரு சலைன் பாட்டிலைத் திறந்து, அதன் ரப்பரில் ஊசியைக் குத்தியே வைத்துவிட்டு, அதிலிருந்து எல்லோருக்கும் ஃப்ளஷ் எடுக்கும் பழக்கத்தைப் பார்த்தால் அதில் சேராதீர்கள். ஒரு நோயாளியின் கிருமி முழு வார்டுக்கும் பரவுவது இப்படித்தான். ட்ரிப்ஸ் பாட்டிலின் தலையில் காற்றுக்கு ஊசி குத்துவதும் அதே ரகம். செட்டிலேயே வடிகட்டியோடு ஏர் வென்ட் இருக்கிறது, அதைத் திறங்கள்.

சொட்டுக் கணக்கு: செட் பாக்கெட்டில் மி.லி.க்கு 20 சொட்டு என்று இருந்தால், 500 மி.லி.யை 6 மணி நேரத்தில் ஓட்ட 500-ஐ 20-ஆல் பெருக்கி 360 நிமிடத்தால் வகுக்கவேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 28 சொட்டு. மைக்ரோ செட்டில் மி.லி.க்கு 60 சொட்டு, ஆகவே மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

சில மருந்துகள் சிரையையே எரிக்கும். பொட்டாசியம் குளோரைடை நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுபோகும். நீர்த்து, மெதுவாக மட்டுமே. ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகிவிடும், சலைனில்தான். வான்கோமைசின் நீர்த்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். ரத்தம் ஓடும் செட்டில் ரிங்கர் லாக்டேட்டோ டெக்ஸ்ட்ரோஸோ கூடாது; முன்னதில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைக்கும், பின்னது செல்களை உடைக்கும். செஃப்ட்ரியாக்சோனையும் கால்சியம் உள்ள திரவத்தையும் சேர்க்காதீர்கள்.

பார்ப்பது

ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும், ஒவ்வொரு மருந்துக்கு முன்னும் லைனைப் பாருங்கள், டிரெஸ்ஸிங் மேலேயே தடவுங்கள், "வலிக்குதா?" என்று கேளுங்கள். மயக்கத்தில் இருப்பவர், பேசத் தெரியாத குழந்தை சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு இன்னும் அடிக்கடி.

இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் 1998-இல் வெளியிட்ட வி.ஐ.பி. மதிப்பெண் முறையை (சிரை அழற்சியைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது)ப் பல மருத்துவமனைகள் வைத்திருக்கின்றன. ஒன்றுமில்லை என்றால் 0. லேசான வலி அல்லது லேசான சிவப்பு 1, கவனித்து வரவேண்டும். வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு இருந்தால் 2; அந்த நிமிடமே எடுத்து வேறு இடத்தில் போடவேண்டும். குழாய் போகும் வழியெல்லாம் வலித்து, சிவந்து, கெட்டியானால் 3. சிரையே கயிறு போலத் தட்டுப்பட்டால் 4. கூடவே காய்ச்சலும் இருந்தால் 5. டாக்டரை உடனே கூப்பிடுங்கள். புதியவர்கள் தவறுவது 2-இல்தான். "இன்னும் ஓடுதே, ஒரு டோஸ் போட்டுட்டு மாத்தலாம்" என்று விடுவார்கள். அந்த ஒரு டோஸில்தான் 2 நான்காகிறது.

லைனை எத்தனை நாளில் மாற்றுவது? 72 மணி நேரம் என்று பல இடங்களில் கடிகாரம் வைத்து மாற்றுகிறார்கள். 2012-இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வுக்குப் பிறகு, கோளாறு தெரியும்போது மட்டும் மாற்றும் முறையும் பரவியது. ஆனால் அது ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் உண்மையாகவே பார்க்கும் இடத்துக்குப் பொருந்தும். பார்க்காத வார்டுக்குக் கடிகாரமே பாதுகாப்பு. கேஷுவல்டியில் அவசரத்தில், சரியாகத் துடைக்காமல் போட்ட லைனை எப்படியும் 48 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள்.

கசிந்துவிட்டால்

கை குளிர்ந்து, வெளுத்து, உப்பிப்போய், டிரிப்ஸ் மெதுவானால் திரவம் வெளியே போகிறது. பாட்டிலைக் கீழே இறக்கி ரத்தம் பின்வருகிறதா என்று பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும் குழாயிலும் ரத்தம் வரும். சாதாரண சலைன் என்றால் நிறுத்தி, எடுத்து, கையை உயர்த்தி வைத்தால் போதும்.

நார்அட்ரினலின், கால்சியம், 25% டெக்ஸ்ட்ரோஸ், ஃபெனிடாயின், கீமோ மருந்து என்றால் கதை வேறு. உடனே நிறுத்துங்கள். ஃப்ளஷ் செய்யாதீர்கள். வென்ஃப்ளானை உடனே பிடுங்காமல், அதன் வழியாகவே சிரிஞ்சால் உள்ளே இருப்பதை இழுத்து எடுக்கப் பாருங்கள், பிறகு எடுங்கள். சிவந்த எல்லையைப் பேனாவால் வரைந்து நேரம் எழுதி, டாக்டரைக் கூப்பிடுங்கள். நார்அட்ரினலினுக்கு ஐஸ் வைக்கக்கூடாது. ஏற்கெனவே சுருங்கிய ரத்தக்குழாய் இன்னும் சுருங்கி, தோல் கருகும்.

எடுப்பது

24 மணி நேரமாக ஒன்றுமே ஓடாத லைன் இருக்கவேண்டியதில்லை. கையுறை போட்டு, டிரெஸ்ஸிங்கைத் தோலோடு ஒட்டி மெதுவாகப் பிரித்து, குழாயை நேராக இழுத்து, வெளியே வந்த பிறகு உலர்ந்த பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு இன்னும் நேரம். ஸ்பிரிட் பஞ்சு எரியும், ரத்தம் நிற்கவும் விடாது. குழாய் முனை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் சிவப்புப் பையில், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில்.

எடுத்த பிறகும் இரண்டு நாள்வரை அந்த இடம் சிவக்கலாம், கயிறு போலத் தடிக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கும்போது அதைச் சொல்லி, காய்ச்சலோ சீழோ வந்தால் திரும்ப வரச் சொல்லுங்கள். சீட்டைக் கொடுக்குமுன் சட்டைக்கையைத் தூக்கி இரண்டு கைகளையும் பாருங்கள். வென்ஃப்ளானோடு வீட்டுக்குப் போய், மறுநாள் "இதை யார் எடுக்கிறது?" என்று தெருமுனை கிளினிக்கில் நிற்கும் நோயாளிகள் இன்னும் உண்டு.